விடுதிக் கதவுக்கு வெளியே நிற்கும் குடும்பம்

தீவிர சிகிச்சைப் பிரிவில் உறவினர் ஒருவரை ஒப்படைத்துவிட்டு, அதன் கதவுக்கு வெளியே மணிக்கணக்கில் காத்து நின்ற அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு. உள்ளே இருப்பவர் நோயாளி, வெளியே நிற்பவர் பார்வையாளர், பார்வை நேரம் முடிந்ததும் அவர் வெளியேற வேண்டும் என்பதே நீண்டகாலமாக வைத்தியசாலைகள் குடும்பத்தினருக்கு வழங்கி வந்த இடமாகும். இந்த எண்ணத்தை மாற்றியமைத்ததில் தாதியர் மேற்கொண்ட ஆய்வுகளுக்குப் பெரும் பங்குண்டு. புதிய மருந்துகளைப் பற்றிப் பேசப்படுமளவுக்கு இவை பற்றிப் பேசப்படுவதில்லை.

1979 ஆம் ஆண்டில் நான்சி மோல்ட்டர் என்ற அமெரிக்கத் தாதி, கவலைக்கிடமான நிலையிலிருந்த நோயாளர்களின் உறவினர் 40 பேரிடம் 45 தேவைகளைக் கொண்ட பட்டியலொன்றை முன்வைத்து, அவற்றுள் தமக்கு முக்கியமானவை எவையென வினவினார். நம்பிக்கைக்கு இடமுண்டு என்ற உணர்வே முதலிடம் பெற்றது. ஊழியர்கள் நோயாளி மீது அக்கறை கொண்டுள்ளனர் என்ற உணர்வு, கேள்விகளுக்கு நேர்மையான பதில், நிலைமை மாறினால் வீட்டுக்கு அறிவித்தல், விளங்கக்கூடிய சொற்களில் விளக்கம் ஆகியனவும் முன்னணியில் நின்றன. இவற்றுள் பெரும்பாலானவை பணம் செலவாகாதவை என்பதைக் கவனிக்க வேண்டும். கடைசியாகக் குறிப்பிட்ட தேவையைப் பற்றி, வேறு மொழியில் கூறப்பட்டதைக் கேட்டுத் தலையசைத்துவிட்டுத் திரும்பிய அனுபவமுள்ள தமிழ், முஸ்லிம் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

குடும்பத்துக்கு என்ன தேவை என்பதை மோல்ட்டர் கேட்டறிந்தார். குடும்பத்தால் என்ன செய்ய முடியும் என்பதைச் சோதித்துப் பார்த்தவர் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் தாதியியல் ஆய்வாளர் டொரதி புறூட்டன் ஆவார். அவரும் குழுவினரும் 1986 இல் வெளியிட்ட ஆய்வு, 1,500 கிராம் அல்லது அதற்கும் குறைந்த நிறையுடன் பிறந்த 79 குழந்தைகளைப் பற்றியது. இத்தகைய குழந்தைகள் ஏறத்தாழ 2,200 கிராம் நிறையை எட்டும்வரை வைத்தியசாலையிலேயே வைக்கப்படுவது அன்றைய வழக்கம். தாய் நாள்தோறும் வந்து பார்த்துவிட்டு வெறுங்கையுடன் வீடு திரும்புவாள்.

புறூட்டன் குழுவினர் நிறையை அளவுகோலாகக் கொள்ளவில்லை. குழந்தை தானாகப் பால் உறிஞ்சிக் குடிக்கிறதா, திறந்த தொட்டிலில் உடல் வெப்பத்தைப் பேணுகிறதா, பராமரிக்கும் முறையைத் தாய் கற்றுக்கொண்டுவிட்டாளா, வீட்டுச் சூழல் ஏற்றதா என்பவற்றையே நோக்கினர். இவை நிறைவேறியதும் ஒரு பிரிவுக் குழந்தைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். விசேட பயிற்சி பெற்ற தாதி ஒருவர் வீட்டுக்குச் சென்று பார்த்தார். 18 மாதங்கள் வரை தொலைபேசியில் எந்நாளும் அவரை அழைக்கக்கூடியதாக இருந்தது. பிரசவத்தின் பின் வீடு தேடிவரும் குடும்பநல உத்தியோகத்தரை அறிந்த எமக்கு இது முற்றிலும் புதுமையாகத் தோன்றாது.

இக்குழந்தைகள் மற்றப் பிரிவினரைவிடச் சராசரியாக 11 நாட்கள் முன்னதாக, 200 கிராம் குறைந்த நிறையுடன் வீடு சென்றனர். எனினும் மீண்டும் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டதிலோ, உடல், உள வளர்ச்சியிலோ இரு பிரிவினருக்குமிடையே வேறுபாடு காணப்படவில்லை. 79 என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆயினும் அந்தப் 11 நாட்களின் அருமையைக் குறைமாதக் குழந்தையைப் பெற்ற எந்தத் தாயும் அறிவாள்.

அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி நெய்லர் இம்முறையை முதியோரிடம் பிரயோகித்தார். பிலடெல்பியாவின் இரு வைத்தியசாலைகளில் 65 வயதுக்கு மேற்பட்ட 363 நோயாளர்களிடம் நடத்தப்பட்ட அவரது ஆய்வு 1999 இல் வெளியானது. வீடு திரும்பிய பின்னரும் தாதியின் வருகையும் தொலைபேசித் தொடர்பும் கிடைத்தவர்களுள் 20.3 வீதத்தினரே 24 வாரங்களுக்குள் மீண்டும் அனுமதிக்கப்பட்டனர். வழமையான பராமரிப்பைப் பெற்றோரில் இது 37.1 வீதமாக இருந்தது.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. குடும்பத்தை மையமாகக் கொண்ட பராமரிப்பு என்ற பெயரில் நோயாளியை விரைவாக வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கட்டிலைக் காலியாக்குவது நிர்வாகத்துக்கு இலகுவானது. அந்தச் சுமை பெரும்பாலும் வீட்டிலுள்ள தாய், மனைவி, மகள் ஆகியோரின் தோள்களிலேயே இறங்குகிறது. புறூட்டனின் ஆய்வில் ஒரு குழந்தைக்குச் சராசரியாக 18,560 அமெரிக்க டொலர் மீதமாயிற்று. வீட்டுக்குச் சென்று கவனித்த சேவைக்கு ஒரு குழந்தைக்கு 576 டொலர் செலவாயிற்று. அச்செலவையும் கழித்த பின்னரே மீதம் கணக்கிடப்பட்டது. முதல் தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடும் எந்தத் திட்டமும் இந்த ஆய்வைத் தனக்குச் சான்றாகக் காட்ட முடியாது.