சிசுக்களின் ஈரலில் தோன்றும் இரத்தக்குழற் கட்டி

அகத்தே தோன்றும் நோய்களுட் சில, புறத்தே ஓர் அடையாளம் காட்டும். அறிந்தார்க்கு அது எச்சரிக்கை. அறியாதார்க்கு வெறும் மச்சம். எம்.கே.பி. நகரில் எம் அயல்வீட்டில் பிறந்த குழவியொன்றின் உடலிற் செந்நிறத் தடிப்புக்கள் ஏழு தோன்றின. கிரகண வடு என்றனர் முதியோர். ஆறாம் வாரம் தடுப்பூசி இடவந்த செவிலியோ அவற்றை எண்ணிப் பார்த்து, "ஈரலை ஸ்கேன் எடுத்துப் பாருங்கள் அம்மா" என்றார். தோலைக் கண்டு ஈரலை ஐயுற்றது யாது கருதி? அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஈரற்கட்டி என்றவுடன் முதியோர் அஞ்சுவது பிறிதொரு நோய்க்கு. ஈரல் இறுகிப் பிள்ளைகள் பலர் மாண்ட அந்நோய்க்குப் பித்தளைப் பாத்திரத்திற் காய்ச்சிய பாலின் வழிச் சென்ற செம்பு காரணமெனப் பின்னர்க் கருதப்பட்டது. இஃது இக்காலத்து அருகிவிட்டது. யாம் கூறவந்த கட்டியோ, இரத்தக் குழாய்களின் உட்சுவர் அணுக்கள் அளவிறந்து பெருகுதலால் உண்டாவது. இது புற்றுநோயன்று. தோலில் ஐந்தும் அதற்கு மேலும் இத்தகைய தடிப்புக்கள் இருப்பின், ஈரலிலும் கட்டி இருத்தல் கூடும்.

இக்கட்டி மூவகைப்படும். ஒற்றைக் கட்டி கருவிலேயே வளர்ந்து முற்றி, பிறந்தபின் ஏறக்குறைய ஓராண்டிற் பெரும்பாலும் சுருங்கிவிடும். பல கட்டிகளாய்த் தோன்றுவது பிறந்த பின்னரே வளர்ந்து, பிறகு மெல்லத் தேயும். மூன்றாவது ஈரல் முழுதும் பரவுவது. மிகக் கொடியதும் இதுவே.

கொடுமை மூவழியில் வரும். தமனியின் இரத்தம் நேரே சிரையிற் பாய்தலால், இதயம் மிகையாக உழைத்துக் களைக்கும், குழவி பாலுண்ணுங்கால் வியர்த்து மூச்சுவாங்கும், எடை ஏறாது. பருத்த ஈரல் வயிற்றையும் நுரையீரலையும் நெருக்கும். இவற்றினும் மறைவானது மூன்றாவது. கட்டியிற் சுரக்கும் ஒரு நொதி தைராய்டுச் சாரத்தை அழிக்கும் என்பது 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அச்சாரம் குன்றின் மூளை வளர்ச்சியும் குன்றும். கட்டி பிறந்தபின் வளர்வதாதலின், பிறந்தவுடன் செய்த தைராய்டுச் சோதனை நன்றாயிருந்தது என்று அமைதல் கூடாது.

நோயறிதற்கு முதற் கருவி ஒலியலை ஸ்கேன். இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் முறையும், வேண்டுங்கால் எம்.ஆர்.ஐ. படமும் துணைசெய்யும். ஈரற் புற்றினின்று வேறுபடுத்த ஆல்பா பீட்டோ புரதத்தை அளப்பர். அது பிறந்த குழவிக்கு இயல்பாகவே மிக்கிருக்குமாதலின் வயதோடு ஒப்பிட்டே பொருள் கொள்ளல் வேண்டும். ஊசியாற் சதை எடுப்பது இரத்தப்பெருக்குக்கு இடனாதலின், ஐயம் தீராதவிடத்தன்றிச் செய்யார்.

இனிச் சிகிச்சை. துன்பம் செய்யாத கட்டியைக் காலந்தோறும் ஸ்கேன் செய்து பார்த்திருத்தலே போதும். துன்பம் செய்வதற்குப் புரோபிரனலால் முதன் மருந்து. ஜேம்ஸ் பிளாக் என்பார் இதய நோய்க்கென ஆக்கிய இம்மருந்தைப் பிரான்சு தேசத்துப் போர்தோ நகரில் இதய நோயுற்ற குழந்தைகளுக்கு அளித்தபோது, அவர்தம் தோற்கட்டியும் சுருங்கக் கண்டனர். 2008ஆம் ஆண்டில் அச்செய்தி வெளிவந்தது. பாலூட்டிய பின்னரே இதனைக் கொடுத்தல் வேண்டும். குழவி பால் மறுத்தாலும் வாந்தியெடுத்தாலும் கொடாது மருத்துவரை வினவுக. வெறும் வயிற்றிற் கொடுப்பின் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து உயிர்க்கு ஊறு நேரும். தைராய்டுச் சாரம் குறைந்தார்க்கு அதனையும் அளிப்பர். மருந்துக்கு அடங்காதவிடத்துக் குழாயை அடைத்தலும், மிக அரிதாய் ஈரல் மாற்றுதலும் உண்டு.

நம் பகுதியார்க்கு இராயபுரத்து இராஜா சர் இராமசாமி முதலியார் மகப்பேற்று ஆஸ்பத்திரியும் ஸ்டான்லி ஆஸ்பத்திரியும் அண்மையன. எழும்பூரிற் குழந்தைகட்கெனவே பெரிய ஆஸ்பத்திரி உளது. அயல்வீட்டுக் குழவியின் ஈரலிற் சிறு கட்டிகள் மூன்று காணப்பட்டன. தைராய்டும் இதயமும் நலமாயிருந்தமையின் மருந்து வேண்டப்படவில்லை. இன்று அது எம் வாயிலில் தளர்நடை பயில்கின்றது. கறுப்புக் கயிறு கட்டுவார் கட்டுக. கட்டுமுன் புள்ளிகளை எண்ணிப் பார்த்தல் நன்று.