கார்த்திகைக் கிழங்கும் மூட்டுவாத மருந்தும்

மாரி மழை தொடங்கியபின் பூநகரியின் வேலியோரங்களையும் பற்றைகளையும் நோக்குவார்க்கு, தன் இலைநுனியையே பற்றுக்கோலாகக் கொண்டு படரும் கொடியொன்று புலப்படும். அதன் இதழ்கள் ஆறும் அடியில் மஞ்சளாயும் நுனியிற் செம்மையாயும் மேல்நோக்கி வளைந்து, எரியுந் தீக்கொழுந்துபோல் நிற்கும். கார்த்திகை மாதத்தில் மலர்தலின் வடபுலத்தார் இதனைக் கார்த்திகைப்பூ என்பர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் நிரல்படக் கூறிய மலர்களுள் முதலாவதாக நிற்கும் செங்காந்தள் இதுவே. சங்கப் புலவர் மகளிர் விரலுக்கு உவமையாக்கிய இம்மலரைத் தமிழ்நாடு தன் மாநில மலராகக் கொண்டுள்ளது.

மலரின் எழிலுக்கு மாறானது கிழங்கின் இயல்பு. கலப்பை போல் வளைந்திருத்தலின் கலப்பைக் கிழங்கு எனப் பெயர் பெற்ற அது, கொடிய நஞ்சுடையது. உண்ணத்தக்க கிழங்கென மயங்கி அதனை அவித்துண்டு உயிரிழந்தோரின் செய்திகள் இலங்கை மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளன. சித்த மருத்துவரும் அதனைச் சுத்தி செய்யாது மருந்தில் ஆள்வதில்லை. ஆயினும், அக்கிழங்கினைக் கொல்லும் பொருளாக்குகின்ற அதே இரசாயனமே, இன்று மூட்டுவாத நோயாளிக்கு வைத்தியர் எழுதிக்கொடுக்கும் சிறு குளிசையினுள்ளும் இருக்கின்றது. அதன் பெயர் கொல்சிசீன். நஞ்சும் மருந்தும் ஒரே பொருளாயின், அவ்விரண்டையும் வேறுபடுத்துவது யாது? இவ்வினாவுக்கு விடை காண்பதே மருத்துவ மருந்தியல் என்னும் துறையின் முதன்மையான பணியாகும்.

கொல்சிசீன் தணிக்கும் நோய்களுள் தலையாயது ‘கவுட்’ எனப்படும் மூட்டுவாதம். உடலில் யூரிக்கமிலம் மிகுந்தவிடத்து, அதன் உப்பு ஊசி போன்ற நுண்ணிய பளிங்குகளாக மூட்டுகளிற் படிகின்றது. அவற்றைப் பகையெனக் கருதிக் குருதியின் வெண்குழியங்கள் அங்கே திரள்கின்றன. அப்போரினால் மூட்டுச் சிவந்து, வீங்கி, போர்வை படுதலையும் பொறுக்கமாட்டாத நோவு உண்டாகின்றது. பெரும்பாலும் காற்பெருவிரலின் அடிமூட்டிலேயே, அதுவும் நள்ளிரவிலேயே, இந்நோய் தன் வரவை அறிவிக்கும்.

இந்நோய்க்கு மேனாட்டார் கண்ட மருந்து ஐரோப்பாவில் இலையுதிர் காலத்திற் பூக்கும் கொல்சிக்கம் என்னும் செடியிலிருந்து வந்தது. கருங்கடலின் கீழ்க்கரையிலிருந்த கொல்கிசு என்னும் நாட்டின் பெயரே செடிக்கும் மருந்துக்கும் வழங்கலாயிற்று. கி. பி. ஆறாம் நூற்றாண்டில் திராலசு நகரத்து அலெக்சாந்தர் என்னும் மருத்துவர் இவ்வினச் செடியின் கிழங்கை மூட்டுவாதத்துக்கு விதித்தார். 1820ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டு இரசாயன அறிஞரான பெல்லத்தியே, கவந்து ஆகிய இருவரும் அதன் வீரியப் பொருளைப் பிரித்தெடுத்தனர். 1833இல் கைகர் என்னும் செருமானியர் அதற்குக் கொல்சிசீன் எனப் பெயரிட்டார். அப்பொருள் காந்தளிலும் உண்டென்பது பின்னர் அறியப்பட்டது. அதனால் இன்று தமிழ்நாட்டில் உழவர் இக்கொடியைப் பந்தலிட்டு வளர்த்து, அதன் விதைகளை மருந்து செய்வார்க்கு விற்கின்றனர்.

கொல்சிசீன் தொழிற்படும் முறை 1960களிலேயே தெளிவாயிற்று. நம் உடலின் கலங்களினுள் தியூபுலின் என்னும் புரதத்தாலாய நுண்குழாய்கள் உள்ளன. ஒரு வீட்டுக்குக் கப்பும் வளையும் எத்தகையனவோ, கலத்துக்கு இக்குழாய்கள் அத்தகையன. கலம் இடம் பெயர்தற்கும் இரண்டாகப் பிரிதற்கும் இவை இன்றியமையாதன. கொல்சிசீன் அப்புரதத்தைப் பற்றிக்கொண்டு குழாய்கள் உருவாகாவண்ணம் தடுக்கின்றது. மருந்து சிறிதாயின், மூட்டை நோக்கித் திரளும் வெண்குழியங்களின் ஊக்கம் குன்றி வீக்கம் தணியும். மருந்து மிகுதியாயின், இடையறாது பிரிந்து பெருகவேண்டிய குடற்சுவர்க் கலங்களும் என்பு மச்சையின் கலங்களும் பெருகாதொழியும். எனவே குணம் செய்வதும் கேடு செய்வதும் ஒரே செயலின் இரு படிகளேயன்றி வெவ்வேறல்ல.

அந்தப் படி எங்கே மாறுகின்றது என்பதை அறிய மருத்துவ உலகத்துக்கு நெடுங்காலம் சென்றது. முற்காலத்தில், நோவு தீரும்வரை அல்லது வயிற்றோட்டம் தொடங்கும்வரை மணிக்கொருமுறை குளிசையைக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. நஞ்சின் முதற் குறியையே மருந்தின் எல்லையாகக் கொண்ட வழக்கம் அது. இதனை முறையாகச் சோதித்த ஆய்வொன்று 2010ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கவுட் நோயாளர் 184 பேர் மூன்று பிரிவினராக வகுக்கப்பட்டனர். ஒரு பிரிவினர்க்கு ஆறு மணி நேரத்தில் 4.8 மில்லிகிராமும், மற்றொரு பிரிவினர்க்கு ஒரு மணி நேரத்தில் 1.8 மில்லிகிராமும், எஞ்சியோர்க்கு மருந்தற்ற போலிக் குளிசையும் கொடுக்கப்பட்டன. நோவு பாதியளவேனும் தணிந்தோர், பேரளவு உண்டவருள் நூற்றுக்கு ஏறக்குறைய 33 பேர். சிற்றளவு உண்டவருள் 38 பேர். வயிற்றோட்டம் கண்டவரோ முன்னையோருள் நூற்றுக்கு 77 பேர். பின்னையோருள் 23 பேர் மட்டுமே. கூடுதலாகக் கொடுத்த மருந்து நோயைக் கூடுதலாகத் தணிக்கவில்லை, துன்பத்தையே கூட்டிற்று. பல தலைமுறையாகக் கண்மூடிப் பின்பற்றப்பட்ட வழக்கமொன்றை எண்ணிக்கை கொண்டு அளந்து திருத்திய இவ்வாய்வு, மருந்துப் பாதுகாப்பு ஆராய்ச்சியின் பயனுக்குச் சிறந்த சான்றாகும்.

அளவு மீறியவிடத்து நிகழ்வதை அறிந்திருத்தலும் வேண்டும். கிழங்கை உண்டவரோ குளிசையை மிகையாக உண்டவரோ முதற் சில மணி நேரம் எக்குறையுமின்றி இருத்தல் கூடும். பின்னர் வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். இரண்டாம் நாள் தொடங்கி ஒரு வாரத்தினுள் இதயம், சிறுநீரகம், என்பு மச்சை ஆகியன பழுதுறலாம். பிழைத்தவர்க்குப் பின்னர் தலைமயிர் உதிரும். இந்நஞ்சுக்கு வைத்தியசாலைகளில் வைத்தாளக்கூடிய மாற்று மருந்து இல்லை. குருதிச் சுத்திகரிப்பினாலும் இது உடலைவிட்டு நீங்காது. ஆதலால் உண்டவர் நலமாய்த் தோன்றும் அந்த முதற் சில மணி நேரமே சிகிச்சைக்கு உரிய காலம். ‘ஒன்றும் செய்யவில்லையே’ என்று வீட்டில் வைத்துப் பார்த்திருத்தல் பெரும் பிழையாகும். 2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலம் பூநகரியை யாழ்ப்பாணத்தோடு நேரே இணைத்ததன் அருமை இத்தகைய வேளையில் விளங்கும். நஞ்சு பற்றி வைத்தியர்க்கு அறிவுரை வழங்குதற்கெனக் கொழும்பு தேசிய வைத்தியசாலையில் 1988ஆம் ஆண்டு தேசிய நஞ்சுத் தகவல் நிலையம் நிறுவப்பட்டது.

‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்பது பழமொழி. மருத்துவ மருந்தியல் அதனோடு வேறோர் உண்மையையும் சேர்க்கின்றது: ஒருவர்க்கு அளவாயிருப்பது மற்றொருவர்க்கு மிகையாகும். கொல்சிசீனை உடலினின்று நீக்குவன ஈரலும் சிறுநீரகமும். இவை தளர்ந்தவர்க்கு நாடோறும் உண்ணும் சிற்றளவே உடலிற் சேர்ந்து சேர்ந்து நஞ்சளவை எட்டக்கூடும். 1990களிலிருந்து வட மத்திய மாகாணத்து உழவரிடையே பெருகிக் காணப்பட்டு, வவுனியாப் பகுதியிலும் அறியப்பட்ட நாட்பட்ட சிறுநீரக நோயை எண்ணுங்கால், இதன் முக்கியத்துவம் வன்னி மக்களுக்கு எத்துணைப் பெரிதென்பது விளங்கும். வேறு மருந்துகளும் இடையூறு செய்வன. நெஞ்சுச்சளிக்குக் கொடுக்கப்படும் கிளரித்திரோமைசின் என்னும் கிருமிகொல்லி, கொல்சிசீன் வெளியேறும் வழிகளை அடைத்துவிடுகின்றது. இவ்விரண்டையும் ஒருங்கே உண்டு இறந்தோர் உளர். முழங்கால் நோவுக்கு உண்ணும் டைக்குளோபினக் போன்றன சிறுநீரகத்தை மேலும் தளர்த்துவன.

மூட்டு நோய்க்குரிய மற்றொரு மருந்தும் இப்பாடத்தையே கற்பிக்கின்றது. சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில், 1940களில் லெடர்லி ஆய்வுகூடத்தார் புற்றுநோய்க்கென ஆக்கிய மருந்துகளின் வழிவந்தது மெதொத்திரெக்சேற்று. அதனையே மிகச் சிற்றளவில், வாரத்துக்கு ஒருமுறை மட்டும் கொடுத்தால், கைம்மூட்டுகளைக் கோணச்செய்யும் முடக்குவாதம் கட்டுப்படுகின்றது. வாரத்துக்கொருமுறை உண்ணவேண்டியதை நாடோறும் உண்டால் என்பு மச்சை அழியும். இத்தவறு பல நாடுகளில் உயிர்களைக் கொண்டுள்ளது. ஆதலால் மருந்துறையில் உண்ணவேண்டிய நாளின் பெயரையே, ‘திங்கட்கிழமை மட்டும்’ என்றாற்போல, எழுதுதல் நலமென்பர். ஒரு சொல்லின் தெளிவு ஓர் உயிரைக் காக்கும் இடம் இது.

இலங்கையில் இத்துறைக்கு வழிவகுத்தவருள் முதன்மையானவர் பேராசிரியர் சேனக பிபிலே (1920-1977). இலங்கைப் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் கற்பித்த அவர், 1971இல் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து நாட்டின் மருந்து நிருவாகம் பற்றிய அறிக்கையைச் சமர்ப்பித்தார். அரசாங்க மருந்துக் கூட்டுத்தாபனத்தின் முதற் தலைவராகி, ஏறக்குறைய 2,100 ஆயிருந்த மருந்துகளின் பட்டியலை 600 அளவிற்குக் குறைத்து, வணிகப் பெயருக்கு ஈடாகப் பொதுப்பெயரை வழங்கச் செய்தார். செலவைக் குறைத்ததெனவே இது பெரிதும் பேசப்படுகின்றது. ஆயினும் இதனாற் காவலும் உண்டு. இரு வணிகப் பெயர்களில் வந்த ஒரே மருந்தை இரு வேறு மருந்தென எண்ணி இருமடங்கு உண்ணும் ஆபத்துப் பொதுப்பெயரால் நீங்குகின்றது. உலக சுகாதார நிறுவனம் இன்றியமையா மருந்துகளின் முதற் பட்டியலை வெளியிட்டதும் பிபிலே கயானாவிற் காலமானதும் 1977ஆம் ஆண்டிலேயே நிகழ்ந்தன. அவர் வேண்டிய நெறியைத் தழுவித் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் 2015இல் நிறைவேறிற்று.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில், மருத்துவத்துக்கு நோயாளி, மருத்துவன், மருந்து, மருந்தை உடனிருந்து கொடுப்பவன் என நான்கு உறுப்புக் கூறினார். இந்நான்கில் எஃது தவறினும் மருந்து நஞ்சாகும் என்பதே மருந்துப் பாதுகாப்பு ஆராய்ச்சி இன்று கண்ட உண்மை. பிறிதொரு வைத்தியரிடம் செல்லுங்கால் முன்னர் உண்ணும் மருந்துகளையெல்லாம் கையோடு கொண்டு சென்று காட்டும் நோயாளியும், சிறுநீரகத்தின் நிலையறிந்து அளவு விதிக்கும் வைத்தியரும், ஐயுற்றவிடத்து வினவும் மருந்தாளரும், பாட்டனாரின் மருந்துறையை வாசித்து உரிய நாளில் உரிய குளிசையை எடுத்துக்கொடுக்கும் பேரப்பிள்ளையும் அக்காவலின் நான்கு தூண்கள். அடுத்த மாரியிலும் பூநகரியின் வேலிகளிற் கார்த்திகைப்பூ மலரும். அதன் அழகைக் கண்டு மகிழ்தலோடு, அதன் கிழங்கிலுள்ள நஞ்சை மருந்தாக்கிய அளவின் அருமையையும் கற்றோர் தம் வீட்டார்க்கு எடுத்துரைப்பாராக.