பரணில் கிடக்கும் பொருளுக்குத் தோட்டத்தில் வேலை

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் நான்கு வழிச் சாலையில் இப்போது ஒரே மாதிரியான வாசல்களைப் பார்க்கலாம். 'கிராமத்துச் சாப்பாடு' என்று பலகை வைத்த ஓட்டலோ, புதிதாக எழும்பிய கல்யாண மண்டபமோ, எதுவானாலும் முகப்பில் ஒரு மாட்டுவண்டிச் சக்கரம் சாய்ந்திருக்கும். பக்கத்தில் பெயின்ட் அடித்த ஆட்டுக்கல், மேலே பல்பு சொருகிய லாந்தர். சில இடங்களில் சக்கரமே ஃபைபரில் வார்த்ததுதான். அசல் சக்கரம் ஏதாவது ஒரு தோட்டத்துக் களத்தில் கறையான் அரித்துக் கிடக்க, போலிக்கு இங்கே வார்னிஷ் பூசுகிறார்கள்.

பழம்பொருளை வைத்துத் தோட்டம் போடுவதும் விருந்து மேசையை ஜோடிப்பதும் அழகான காரியம்தான். ஆனால் இந்தச் சமவெளிக்கு அது புதுப் பழக்கம் அல்ல. தேய்ந்த லாரி டயரை வெட்டி மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியாக்கிய ஊர்கள் இவை. ஒரு பொருளின் முதல் வேலை முடிந்தால் அடுத்த வேலைக்கு அனுப்பினார்கள். சும்மா நிற்க விடவில்லை. அந்தக் கணக்கை மறக்காமல் இருந்தால் தோட்டமும் செழிக்கும், செலவும் குறையும்.

கிணற்றடித் தோட்டம்

மோட்டார் வருவதற்கு முன்பு இந்தப் பக்கத்து வெள்ளாமை கவலை இறைப்பில் நடந்தது. கிணற்று மேட்டில் இரண்டு கல்தூண், நடுவில் உருளை. எருதுகள் சரிவில் இறங்க இறங்கத் தண்ணீர்ச் சால் மேலே வரும். சாலும் வடமும் மட்கிப் போயின. தூண்கள் மட்டும் பல கிணறுகளில் இன்னும் நிற்கின்றன. அவற்றையே பந்தல் காலாக்கி அவரை, கோவை, பிரண்டை ஏற்றலாம். கருங்கல்லுக்குக் கறையான் பயம் கிடையாது.

மாட்டுக்குக் கழுநீர் ஊற்றிய கல்தொட்டியில் அல்லி வளர்க்கலாம். ஆட்டுக்கல்லின் குழியில் மண் நிரப்பிச் செடி வைத்தால் அடுத்த மழையில் வேர் அழுகும், ஏனென்றால் அடியில் வடிகால் இல்லை. துளை போடப் போனால் கல் விண்டுவிடலாம். குருவிக்குத் தண்ணீர் வைக்க அது பொருத்தமான பாத்திரம். தேய்ந்த அம்மியைத் தோட்டத்து நடைபாதையில் படிக்கல்லாகப் பதிக்கலாம்.

வண்டிச் சக்கரத்தைச் சாய்த்து வைப்பதைவிடப் படுக்கப் போடுவது மேல். நாலு கல்லின்மேல் கிடத்தினால் ஆரக்கால்களுக்கு இடையிலுள்ள ஒவ்வொரு கட்டமும் ஒரு சிறு பாத்தி. ஒன்றில் புதினா, ஒன்றில் கொத்தமல்லி, இன்னொன்றில் கற்பூரவல்லி. மரம் மண்ணில் படாமல் இருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை வேப்பெண்ணெய் தடவினால் நீண்ட நாள் தாங்கும்.

செடிகளையும் ஊரிலிருந்தே எடுக்கலாம். பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் காடு காடாகப் பூக்கும் அரளி, கடும் வெயிலையும் குறைந்த தண்ணீரையும் தாங்கும். வேலி ஓரத்துக்கு அதைவிடத் தோதான பூச்செடி கிடைப்பது அரிது.

ஒரு கல்லை மட்டும் தொடக்கூடாது. சேலம், தருமபுரி வட்டாரங்களில் நடுகற்கள் நிறைய உண்டு. வயல் வரப்பில் உருவம் செதுக்கிய கல் ஏதாவது கண்ணில் பட்டால் அதைத் தோட்டத்து அலங்காரத்துக்குப் பெயர்த்து வரக்கூடாது. தாசில்தாருக்கோ தொல்லியல் துறைக்கோ தகவல் சொல்வதுதான் முறை.

தறி, லாரி, முட்டை

பழமை என்றாலே ஏரும் நுகத்தடியும்தான் என்று நினைக்க வேண்டியதில்லை. இளம்பிள்ளை, எடப்பாடி, குமாரபாளையம், பள்ளிபாளையம் என்று வரிசையாகத் தறி ஓடும் ஊர்கள். நாடா இல்லாத தறிகள் வர வர, ஊடை நூலைக் கொண்டு ஓடும், இருமுனையிலும் இரும்புப் பூண் போட்ட மர நாடாக்கள் எடைக்குப் போகின்றன. கைபட்டு வழவழப்பேறிய மரம் அது. சுவரில் கிடையாக அடித்தால் பூத்தொட்டி மாட்டும் கொக்கிக்கு ஆதாரம். மேசைமேல் வைத்தால், நூல் சுற்றிய தார் உட்காரும் பள்ளத்தில் கரண்டிகளையோ ஒரு சரம் மல்லிகையையோ வைக்கலாம்.

நாமக்கல்லுக்கு லாரியும் முட்டையும் இரண்டு கண்கள். லாரி பாடி கட்டும் பட்டறைகளில் மிஞ்சும் மரப்பலகைத் துண்டுகள் செடிப்பெட்டிக்கு உதவும். டயரில் செடி வைப்பவர்கள் வெளிப்பக்கம் சுண்ணாம்பு அடித்துவிட வேண்டும். சித்திரை வெயிலில் கறுப்பு ரப்பர் சூடேறி வேரை வாட்டும். காகித முட்டைத் தட்டில் முப்பது குழிகள். அதில் தென்னை நார்க்கழிவு நிரப்பித் தக்காளி, கத்தரி விதை ஊன்றினால், முளைத்தபின் குழியோடு கிழித்து மண்ணில் வைத்துவிடலாம். காகிதம் தானாக மட்கும். பண்ணையிலிருந்து வந்த தட்டு என்றால் நன்றாக வெயிலில் காய வைத்து எடுப்பது நல்லது. அந்தத் தட்டைச் சாப்பாட்டு மேசைப் பக்கம் கொண்டு வராதீர்கள்.

கொசுவுக்கும் பிடித்த தோட்டம்

டெங்கு சீசனில் வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளர்கள் முதலில் தேடுவது எவை? டயர், ஆட்டுக்கல், உரல், தேங்காய்ச் சிரட்டை, பூந்தொட்டித் தட்டு. நம் 'கிராமத்துத் தோட்டம்' முழுக்க அந்தப் பட்டியலில் இருக்கிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்தை எட்ட ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். காய்ந்த பாத்திரத்தின் ஓரத்திலும் அதன் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும்.

ஆகவே குருவித் தண்ணீரை வாரத்துக்கு இரண்டு முறை கொட்டிவிட்டு, ஆட்டுக்கல்லின் உட்புறத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். அல்லித் தொட்டியில் நாலைந்து கப்பி மீன் விட்டால் புழுவை அவை பார்த்துக்கொள்ளும். டயரில் மண் விளிம்புவரை நிரம்பியிருக்க வேண்டும், அடியில் துளையும் வேண்டும். இதற்கு நேரமில்லாதவர்கள் தண்ணீர் தேங்கும் பொருளையே தோட்டத்தில் வைக்காமல் இருப்பது உத்தமம்.

ஒரம்பரைக்கு, அதாவது விருந்தாளிக்கு, பந்தி

தோட்டத்திலிருந்து மேசைக்கு வருவோம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தபோது, பாக்கு மட்டைத் தட்டுக்குக் கிராக்கி கூடியது. வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம், ஆத்தூர் பக்கத்துத் தோப்புகளில் தானாக உதிரும் மட்டையைக் கழுவி, ஊறவைத்து, சூடான அச்சில் அழுத்தினால் தட்டு. பசையும் கிடையாது, சாயமும் கிடையாது. ஆனால் 2025-ல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம், பாக்கு மட்டையிலுள்ள இயற்கை வேதிப்பொருள்கள் உணவில் இறங்கக்கூடும் என்று சொல்லி அந்தத் தட்டுகளை ஏற்க மறுத்துவிட்டது. நம் மேசையில் பழம் அடுக்கவும், பூ வைக்கவும், வெற்றிலை பாக்கு வைக்கவும் அதை வைத்துக்கொள்ளலாம். சாப்பிட, பரமத்தி வேலூர், மோகனூர் காவிரிக்கரை வாழையிலை இருக்கவே இருக்கிறது. பந்தி முடிந்தால் இலை மாட்டுக்கு, மட்டை எருக்குழிக்கு.

பரணில் உள்ள பித்தளைப் பாத்திரங்களை மேசைக்கு இறக்குபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பும் தயிரும் ஊற்றினால் களிம்பு ஏறும். அவற்றுக்கு மாக்கல்லில் கடைந்த கல்சட்டிதான் சரி. சேலம், நாமக்கல் வட்டாரத்துக் கைவேலை. பரிமாறி முடிக்கும்வரை சூடு தாங்கும். பித்தளை அண்டாவில் தண்ணீர் ஊற்றிச் செவ்வந்தி மிதக்கவிடலாம். அரளியை மட்டும் மேசைக்குக் கொண்டு வராதீர்கள்: இலை, பூ, தண்டு எல்லாமே விஷம்.

மேசை நடுவில் என்ன வைப்பது என்று யோசிப்பவர்களுக்கு நம் வீட்டுக் கல்யாணங்களே பதில் சொல்லும். மண் பாலிகையில் நவதானியம் முளைக்க விடுகிறோம். நவராத்திரிக் கொலுவுக்கு முன்னால் கேழ்வரகும் கடுகும் தூவி, கண்ணாடியைக் குளமாக்கி, பிள்ளைகள் ஒரு 'பார்க்' போடுகிறார்கள். தானியம் அளந்த பழைய படியிலோ வள்ளத்திலோ நாலைந்து நாள் முன்பே வெந்தயம் விதைத்தால் விருந்தன்று பச்சைப் பசேலென்று நிற்கும்.

சண்டிகர் சொல்லும் பாடம்

கிடந்த பொருளைக் கொண்டே தோட்டம் போட்டதற்கு உலகம் கொண்டாடும் உதாரணம் சண்டிகரில் இருக்கிறது. சாலை ஆய்வாளராக வேலை பார்த்த நேக் சந்த், 1957 வாக்கில் இடிபாட்டுக் கற்கள், உடைந்த வளையல், பீங்கான் துண்டுகளைச் சேகரித்து, யாருக்கும் தெரியாமல் காட்டுக்குள் ஒரு தோட்டம் கட்டத் தொடங்கினார். அரசு நிலத்தில் அனுமதியின்றி எழுந்த அந்த ராக் கார்டன் 1976-ல் மக்களுக்குத் திறக்கப்பட்டது; 1984-ல் அவருக்குப் பத்மஸ்ரீ. புது நகரம் எழுப்ப இடித்துத் தள்ளிய ஊர்களின் மிச்சமே அவருக்குச் சரக்கு. காசு கொடுத்துப் பழமையை வாங்கவில்லை. தன்னைச் சுற்றிக் கிடந்ததை எடுத்தார்.

நமக்கும் அதுவே போதும். ஃபைபர் சக்கரத்துக்கும் போலி லாந்தருக்கும் பணம் கட்டுவதற்கு முன்னால் உங்கள் வீட்டுப் பரணையும், பாட்டி வீட்டுக் கட்டுத்தரையையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். எடுத்த பொருளை எங்கே நிறுத்துவது என்று யோசிக்கும் முன்பு, என்ன வேலை கொடுப்பது என்று யோசியுங்கள். வேலை கிடைக்காத பொருளைப் பழைய இரும்புக் கடைக்கே அனுப்பிவிடலாம்.