தொடர்மாடி விடுதியில் ஒன்பது நாட்கள்

“மகனுக்கு வீடிருக்க நான் விடுதியிலே தங்குவதா?” என்று எம் அன்னையார் கேட்ட கேள்விக்கு, விமானம் ஏறும்வரை எம்மிடம் தக்க விடை இருக்கவில்லை. அவுஸ்திரேலியாவின் மெல்பேண் மாநகரில் வாழும் எம் தம்பியின் மகளுக்குப் பட்டமளிப்பு விழா. தம்பியின் இல்லமோ நகருக்கு வெகு தொலைவில், இரண்டே அறைகள் கொண்டது. அங்கே அவர் மனைவி வழி உறவினர் முன்னரே வந்து நிறைந்துவிட்டனர். எழுபத்தேழு வயதான, நீரிழிவு நோயுள்ள ஒருவரைக் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கவைக்க எமக்கு மனம் வரவில்லை. ஆகவே நகரின் நடுவிடத்துக்கு அண்மையில் தொடர்மாடி விடுதி ஒன்றில் ஒன்பது நாட்களுக்கு இடம் பதிவு செய்தோம்.

வழக்கமான ஹோட்டலில் கட்டிலும் குளியலறையும் தருவார்கள். இத்தகைய விடுதியில் ஒரு சிறு வீட்டையே தருகிறார்கள். இரண்டு படுக்கையறைகள், ஒரு கூடம், மின்னடுப்பும் குளிர்சாதனப் பெட்டியும் பாத்திரங்களும் உள்ள குசினி, துணி துவைக்கும் இயந்திரம் யாவும் ஒரே கதவுக்குள் அடக்கம். வாடகை சற்று அதிகந்தான். ஆயினும் நால்வர் மூன்று வேளையும் வெளியே உண்பதற்கு ஆகும் செலவைக் கூட்டிப் பார்த்தால் அது பெரிதாகத் தோன்றாது. அறையைத் தினமும் துப்புரவு செய்வார்களா, வங்கி அட்டையில் எவ்வளவு பணத்தைப் பிணையாகப் பிடித்துவைப்பார்கள் என்பவற்றை முன்னரே கேட்டறிதல் நன்று. இரண்டாவதை நாம் கேட்கவில்லை. முதல் நாளே கையிருப்பில் ஒரு பகுதி முடங்கிப் போயிற்று.

மெல்பேணின் நடுநகரம் 1837இல் சதுரங்கப் பலகை போல அளந்து வகுக்கப்பட்டது. பெருந்தெருக்கள் 99 அடி அகலமும் சிறு தெருக்கள் 33 அடி அகலமும் உள்ளன. 2015 முதல் நடுநகர எல்லைக்குள் டிராம் வண்டிக்குக் கட்டணம் இல்லை. அதன் மணியோசையைக் கேட்டதும் அன்னையாரின் முகம் மாறிற்று. கொழும்பில் 1960இல் டிராம் நின்றுபோகுமுன், தம் தந்தையாரின் கையைப் பிடித்துக்கொண்டு மருதானையில் ஏறியதை அன்றுதான் முதன்முதலாக எமக்குச் சொன்னார்.

மறுநாள் விக்டோரியா மகாராணி சந்தைக்குச் சென்றோம். 1878இல் திறக்கப்பட்ட இச்சந்தை திங்களும் புதனும் மூடியிருக்கும். கத்தரிக்காயும் மீனும் வாங்கி வந்தோம். சுங்கப் படிவத்தில் ஒளிக்காமல் எழிதிக்கொண்டுவந்த மிளகாய்த்தூள் இருந்தது. அன்னையார் தாமே அடுப்பண்டை நின்று தாளித்தார். செத்தல் மிளகாய் கருகியதும் கூரையிலிருந்த புகையுணர் கருவி அலறத் தொடங்கிற்று! கதவைத் திறக்க ஓடிய எம்மை மகன் தடுத்தான். நடைவழிக்குப் புகை சென்றால் கட்டடம் முழுவதற்குமான எச்சரிக்கை மணி ஒலிக்கும், தீயணைப்புப் படை வரும், வீணாக வந்த செலவையும் நாமே செலுத்தவேண்டும் என்று கதவின் பின்புறத்தில் எழுதியிருந்ததாம். யன்னலைத் திறந்து துவாயால் விசிறினோம். கருவி ஓய்ந்தது.

அன்று மாலை தம்பி வந்தார். அவரது பணிமனை நகரின் நடுவிலேதான். “இரு, சோறு போடுகிறேன்” என்றார் அன்னையார். அவர் கோப்பையைத் தேடி எடுத்த விரைவைக் கண்டு நாம் வியந்தோம். தம்பி வீட்டில் அவர் ஓர் ஓரத்தில் அமர்ந்திருக்கும் விருந்தாளியாயிருந்திருப்பார். இங்கே வீட்டுக்காரி அவரே. அதன்பின் தம்பி ஒவ்வொரு மாலையும் வந்தார். பட்டம் பெற்ற பேத்தியும் இரண்டு நாட்கள் வந்து சட்டியை வழித்து உண்டாள்.

எம் இல்லத்தரசிக்கு மட்டும் ஒரு குறை. ஹோட்டல் என்றால் ஓய்வு என எண்ணி வந்தவருக்கு, விட்டுவந்த குசினியே கடல் கடந்து எதிரே நின்றது. நியாயமான குறைதான். மூன்றாம் நாள் முதல் பாத்திரம் கழுவும் பணி எமக்கும் மகனுக்கும் உரியதாயிற்று.

புறப்படும் நாள் காலை பத்து மணிக்கு அறையை ஒப்படைக்க வேண்டியிருந்தது. அன்னையார் மிஞ்சிய அரிசியையும் மிளகாய்த்தூளையும் பொதிசெய்து தம்பியிடம் நீட்டினார்.

“நாளைக்கு வேலை முடிந்து எங்கே சாப்பிடுவாய்?” என்று கேட்டார்.