எம். ஜே. கோபாலன்

எம். ஜே. கோபாலன் (மொறப்பாக்கம் ஜோசியம் கோபாலன், சூன் 6, 1909 - டிசம்பர் 21, 2003) தமிழ்நாட்டைச் சேர்ந்த விளையாட்டு வீரர் ஆவார். துடுப்பாட்டம் (கிரிக்கெட்), வளைதடிப் பந்தாட்டம் (ஹாக்கி) ஆகிய இரண்டிலும் இந்தியாவுக்காக விளையாடியவர். ரஞ்சிக் கோப்பைப் போட்டிகளின் முதல் பந்தை வீசியவர் இவரே. 1936 ஆம் ஆண்டில் இவ்விரு விளையாட்டுகளுள் ஒன்றைத் தெரிவு செய்யவேண்டிய நிலை இவருக்கு ஏற்பட்டது.

தொடக்க காலம்

கோபாலன் செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள மொறப்பாக்கத்தில் பிறந்தார். சென்னையில் திருவல்லிக்கேணிப் பகுதியில் துடுப்பாட்டம் ஆடி வந்தார். அக்காலத்தில் சென்னையில் பொங்கலை ஒட்டி ஆண்டுதோறும் இந்தியர் அணிக்கும் ஐரோப்பியர் அணிக்கும் இடையே மாகாணப் போட்டி நடைபெற்றது. சென்னைத் துடுப்பாட்டத்தின் முன்னோடிகளுள் ஒருவரான சி. பி. ஜான்ஸ்டன் கோபாலனின் திறமையைக் கண்டறிந்து ஊக்குவித்தார். பர்மா ஷெல் நிறுவனத்தில் வேலை பெறவும் உதவினார். விளையாட்டையே தொழிலாகக் கொண்டு வாழ இயலாத அக்காலத்தில், நிலையான வேலை ஒன்று வீரர்களுக்கு இன்றியமையாததாக இருந்தது.

துடுப்பாட்டம்

கோபாலன் வலக்கை மிதவேகப் பந்து வீச்சாளர். மட்டை பிடிப்பதிலும் வல்லவர். டக்ளஸ் ஜார்டின் தலைமையிலான இங்கிலாந்து அணி 1933-34 இல் இந்தியா வந்தபோது, 1934 சனவரியில் கொல்கத்தா ஈடன் கார்டன் திடலில் நடந்த தேர்வுப் போட்டியில் விளையாடினார். முதல் முறை ஆட்டமிழக்காமல் 11 ஓட்டங்களும், இரண்டாம் முறை 7 ஓட்டங்களும் எடுத்ததுடன் ஓர் இலக்கையும் வீழ்த்தினார். அதே தொடரின் அடுத்த போட்டி பிப்ரவரியில் சென்னை சேப்பாக்கத்தில் நடைபெற்றது. சென்னையில் நடந்த முதல் தேர்வுப் போட்டியான அதில் கோபாலன் இடம்பெறவில்லை. கொல்கத்தாவில் ஆடியதே அவரது ஒரே தேர்வுப் போட்டியாக அமைந்தது.

1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் போட்டி சென்னைக்கும் மைசூருக்கும் இடையே நடந்தது. அதன் முதல் பந்தை கோபாலன் மைசூர் அணியின் என். கர்ட்டிசுக்கு வீசினார். மைசூர் 48, 59 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. சென்னை 130 ஓட்டங்கள் எடுத்தது. ஏ. ஜி. ராம்சிங் 11 இலக்குகளை வீழ்த்த, போட்டி ஒரே நாளில் முடிவுற்றது. பின்னாளில் கோபாலன் சென்னை அணியின் தலைவராகவும் இருந்தார்.

வளைதடிப் பந்தாட்டம்

1935 இல் தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்துக்குப் பயணம் செய்த இந்திய வளைதடிப் பந்தாட்ட அணியில் கோபாலன் இடம்பெற்றார். இவ்வணி ஆஸ்திரேலியாவிலும் விளையாடியது. இப்பயணத்தில் தியான் சந்த் மட்டும் 200க்கும் மேற்பட்ட கோல்களை அடித்தார்.

1936: இரண்டில் ஒன்று

1936 ஆகத்தில் பெர்லினில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற இருந்தன. அதே கோடைகாலத்தில் இந்தியத் துடுப்பாட்ட அணி இங்கிலாந்துக்குச் செல்ல இருந்தது. காலம் ஒன்றாக இருந்ததால் ஒருவர் இரண்டிலும் பங்கேற்க இயலாது. வளைதடிப் பந்தாட்டத்தில் இந்தியா 1928, 1932 ஆகிய இரு ஒலிம்பிக்குகளிலும் தங்கம் வென்றிருந்தது. துடுப்பாட்டத்திலோ அதுவரை நான்கு தேர்வுப் போட்டிகளில் மட்டுமே ஆடி, ஒன்றிலும் வெல்லவில்லை. ஒலிம்பிக் அணியில் இடம் கிடைக்கும் வாய்ப்பு இருந்தும் கோபாலன் துடுப்பாட்டத்தையே தெரிவு செய்தார்.

விஜயநகரம் மகாராஜகுமாரின் தலைமையில் சென்ற அவ்வணி உட்பூசல்களால் பாதிக்கப்பட்டது. அணியின் முன்னணி வீரரான லாலா அமர்நாத் பயணத்தின் நடுவிலேயே நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். மூன்று தேர்வுப் போட்டிகளில் இரண்டை இங்கிலாந்து வென்றது. ஒன்று வெற்றி தோல்வியின்றி முடிந்தது. இவற்றுள் ஒன்றில்கூட கோபாலன் சேர்க்கப்படவில்லை. சென்னையின் மற்றொரு வீரரான கோட்டா ராமசுவாமி தமது 40 ஆவது வயதில் இரண்டு போட்டிகளில் ஆடினார். அவரும் டென்னிசு, துடுப்பாட்டம் என இரு விளையாட்டுகளில் இந்தியாவுக்காக ஆடியவரே.

மூன்றாவது தேர்வுப் போட்டி இலண்டன் ஓவல் திடலில் ஆகத்து 15 அன்று தொடங்கியது. அதே நாளில் பெர்லினில் நடந்த ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் இந்தியா ஜெர்மனியை 8-1 என்ற கோல் கணக்கில் வென்று மூன்றாம் முறையாகத் தங்கப் பதக்கம் பெற்றது. மழையால் ஒரு நாள் தள்ளி வைக்கப்பட்ட ஆட்டம் அது. கோபாலன் ஒலிம்பிக்கில் ஒருபோதும் ஆடவில்லை.

பிற்காலமும் சிறப்புகளும்

கோபாலன் 1950களில் இந்திய அணியின் தெரிவுக்குழு உறுப்பினராகப் பணியாற்றினார். முதல்தரப் போட்டிகளில் 190க்கும் மேற்பட்ட இலக்குகளை வீழ்த்தியிருந்தார். அவரது பெயரால் அமைந்த கோபாலன் கோப்பைக்காகச் சென்னை, இலங்கை அணிகள் 1953 முதல் 1970களின் நடுப்பகுதி வரை விளையாடி வந்தன. 1981 இல் இலங்கை தேர்வுப் போட்டித் தகுதி பெறுவதற்கு முன்னர், அந்நாட்டு வீரர்களுக்குத் தொடர்ந்து கிடைத்த முதல்தரப் போட்டிகளுள் இது குறிப்பிடத்தக்கது.

கோபாலன் சென்னையில் தமது 94 ஆவது வயதில் காலமானார். அப்போது உலகில் வாழ்ந்த தேர்வுத் துடுப்பாட்ட வீரர்களுள் அவரே வயதில் மூத்தவராக இருந்தார். ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை அவர் வீசிய சேப்பாக்கம் திடலின் நுழைவாயில்களுள் ஒன்றுக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது.