வாடகைக் கணினியும் வேகக் குறைப்பும்

பள்ளிப் பாடத்தை இணையத்தில் ஒப்படைக்கிறோம், மின்னஞ்சல் அனுப்புகிறோம். இவ்வேலைகளில் பெரும்பகுதியைச் செய்வது ஏதோ ஒரு தரவு நிலையத்தில் உள்ள கணினி. அதுவும் பெரும்பாலும் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. ஒரே கணினியை மென்பொருளின் துணையால் பல கணினிகள்போல் பிரித்துப் பலருக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அவ்வாறு பிரிக்கப்பட்ட ஒவ்வொன்றும் 'மெய்நிகர் கணினி' எனப்படும். இது புதிய எண்ணமன்று. ஐபிஎம் நிறுவனம் 1972ஆம் ஆண்டிலேயே தன் பெருங்கணினிகளுக்கு இத்தகைய மென்பொருளை அறிவித்தது.

தரவு நிலையங்களின் பெருங்கவலை மின்சாரம். சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டு பயன்பட்ட மின்சாரத்தில் ஏறத்தாழ 7 விழுக்காடு இந்நிலையங்களுக்கே சென்றது. மின்சாரத்தைச் சேமிக்கும் வழிகளுள் ஒன்று, வேலை குறைந்திருக்கும்போது நுண்செயலியின் வேகத்தைக் குறைப்பதாகும். 2.4 கிகாஹெர்ட்ஸ் நுண்செயலி நொடிக்கு 240 கோடி முறை துடிக்கிறது. துடிப்பைக் குறைத்தால் அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தையும் குறைக்கலாம். இரண்டையும் 20 விழுக்காடு குறைத்தால், துடிப்பதற்குச் செலவாகும் மின்திறன் ஏறக்குறையப் பாதியாகிவிடும்! 2000ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் மடிக்கணினிகளின் மின்கலம் நெடுநேரம் தாங்குவதற்காக இம்முறையைக் கொண்டுவந்தது. பின்னர் இது தரவு நிலையக் கணினிகளுக்கும் வந்தது.

இரண்டும் தனித்தனியே நல்ல ஏற்பாடுகள்தாம். சேரும்போதுதான் சிக்கல் எழுகிறது.

ஒரு தையற்கடையை எண்ணிப் பாருங்கள். அங்குள்ள ஒரே மின்தையல் இயந்திரத்தை ஐவர் வாடகைக்கு எடுத்துள்ளனர். ஒவ்வொருவருக்கும் மணிக்கு 12 நிமிடம். ஒருநாள் ஒரு பெண்மணி மட்டுமே வருகிறார். தம் 12 நிமிடமும் ஓயாமல் தைக்கிறார். மீதி 48 நிமிடம் இயந்திரம் சும்மா கிடக்கிறது. கடைக்காரர் அதைப் பார்த்து, "வேலையே இல்லையே" என்று இயந்திரத்தின் வேகத்தைப் பாதியாகக் குறைக்கிறார். பெண்மணிக்கு அதே 12 நிமிடம் கிடைக்கிறது. ஆனால், முன்பு ஒரு ரவிக்கை தைத்த நேரத்தில் இப்போது அரை ரவிக்கைதான் முடிகிறது.

தரவு நிலையத்திலும் இதுதான் நிகழக்கூடும். வேகத்தைத் தீர்மானிக்கும் மென்பொருள் மொத்தப் பயன்பாட்டை மட்டும் பார்க்கிறது. 20 விழுக்காடுதான் என்று வேகத்தைக் குறைக்கிறது. மெய்நிகர் கணினிக்கோ தன் அடியில் உள்ள நுண்செயலி மெதுவானது பொதுவாகத் தெரியாது. தன் பங்கு முழுவதும் பயன்படுகிறது என்றே அது காட்டும். நேரம் குறையவில்லை, வேலை குறைந்துவிட்டது. வாடிக்கையாளர் இதை அறியாமல் கூடுதல் வாடகைக்குப் பெரிய பங்கை வாங்கலாம். அப்போது மொத்தப் பயன்பாடு கூடி, வேகமும் ஏறும். பணம் கொடுத்ததால்தான் சரியாயிற்று என்று அவர் மகிழவும் கூடும்!

பழைய நுண்செயலிகளில் இன்னொரு தொல்லையும் இருந்தது. நேரத்தை எண்ணும் எண்ணியும் துடிப்போடு சேர்ந்தே மெதுவானதால், மெய்நிகர் கணினியின் கடிகாரம் பின்தங்க நேர்ந்தது. பின்னர் வந்த நுண்செயலிகளில், வேகம் மாறினாலும் எண்ணி ஒரே சீராக ஓடுகிறது.

பங்குச் சிக்கலுக்கும் வழி உண்டு. வேகம் பாதியானால் அப்பெண்மணிக்கு 24 நிமிடம் கொடுத்துவிடலாம். இயந்திரம் எப்படியும் சும்மாதானே கிடக்கிறது? ரவிக்கையும் முடியும், மின்சாரமும் மிச்சமாகும். மற்ற நால்வரும் வந்துவிட்டால் வேகத்தை முழுமையாக்கிப் பழைய 12 நிமிடத்துக்கே திரும்ப வேண்டும். ஆகவே, வேகத்தை மாற்றும் மென்பொருளும் நேரத்தைப் பங்கிடும் மென்பொருளும் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லிக்கொள்வது இன்றியமையாதது. நொடிப்பொழுதும் தாமதிக்க முடியாத வேலைகளுக்கு, வேகக் குறைப்பையே நிறுத்திவைக்கும் நிருவாகிகளும் உள்ளனர். அங்கு மின்கட்டணம் சற்றுக் கூடுதலாக வரும்.