கோல் காவலர்க்கு அளவுகோல் எது?

மலாக்கா மாநிலத் தோட்டப்புறங்களில் காற்பந்து நெடுங்கால வழக்கு. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நண்பகல் வரை பால்மரம் சீவியவர்கள், மாலையில் தோட்டத் திடலில் பந்தாடினர். ஜாசின் வட்டாரமாயினும் அலோர் காஜா வட்டாரமாயினும், தமிழர் குடியிருந்த லயங்களுக்கு அணித்தே கோயிலும் தமிழ்ப்பள்ளியும் திடலும் அமைந்திருத்தல் பெருவழக்காய் இருந்தது. பல தோட்டங்களில் இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்தில் வாழ்ந்தோரின் மக்கள் பட்டணத்து வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தனர். ஆயினும் பழைய ஆட்டக்காரர் இருவர் ஓரிடத்தில் கூடினால் எழும் வினா ஒன்று மாறவில்லை. மலேசியக் காற்பந்தில் தலைசிறந்தவர் யார் என்பதே அது.

அவ்வினாவுக்குப் பெரும்பாலோர் கூறும் விடை மொக்தார் டஹாரி. அது பொருந்தாத விடை என்று கூறுதற்கில்லை. அடுத்து எழும் வினாவே சிக்கலானது. 'ஆறுமுகத்தை எந்த இடத்தில் வைப்பது?' என்று கேட்டவுடன் பேச்சு இரு கூறாகிவிடும். ஒரு சாரார் அவருக்கு நிகர் எவரும் இலர் என்பர். மற்றொரு சாரார், 'அவர் எத்தனை கோல் போட்டார்?' என்று நகைப்பர். நகைப்புக்குரியதாகத் தோன்றும் இக்கேள்வியில்தான் தரவரிசை இடுவோர் பலரும் தடுக்கி விழுகின்றனர்.

ஆர். ஆறுமுகம் மலாக்காவைச் சேர்ந்தவர் அல்லர். சிலாங்கூர் அணிக்கும் மலேசிய அணிக்கும் 1970-களிலும் 1980-களிலும் கோல் காவலராக நின்றவர். நீண்ட கைகளை உடையவராதலின் 'ஸ்பைடர்மேன்' என்று மக்கள் அவரை அழைத்தனர். 1988 டிசம்பரில் சாலை விபத்தில் மறைந்தபோது அவருக்கு வயது 35. ஓய்வுக்குப் பிந்திய நீண்ட வாழ்வும், தம் ஆட்டத்தைத் தாமே எடுத்துரைக்கும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டவில்லை. ஆகவே அவரைப் பற்றிய மதிப்பீடு முற்றும் பிறர் கையில் விடப்பட்டது.

தாக்குதல் ஆட்டக்காரரை மதிப்பிட எண் துணைபுரியும். மொக்தார் டஹாரி நாட்டுக்காக ஆடிய 142 ஆட்டங்களில் 89 கோல்கள் போட்டார் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. அவ்வெண்ணும் ஐயத்துக்கு முற்றும் அப்பாற்பட்டதன்று. மன்ற அணிகளோடும் பிறநாட்டுத் துணை அணிகளோடும் ஆடியவற்றையும் சேர்த்தால் தொகை நூற்றைத் தாண்டிவிடும். எந்த ஆட்டம் கணக்கில் சேரும், எது சேராது என்பதை முதலில் வரையறுத்தல் வேண்டும். எண் தானாகப் பேசுவதில்லை. எண்ணுபவன் வகுத்த விதியே அதன் வாயிலாகப் பேசுகிறது.

கோல் காவலர்க்கோ அந்த எண்ணும் இல்லை. அவர் விட்ட கோல்களை எண்ணலாம். தடுத்தவற்றை எண்ணி வைத்தோர் அக்காலத்தில் அரியர். விட்டதை மட்டும் எண்ணுவது எவ்வளவு பிழைபடும் என்பதற்கு 1972 மியூனிக் ஒலிம்பிக் சான்றாகும். ஆறுமுகம் நாட்டு அணிக்கு வருமுன் நிகழ்ந்தது அது. அங்கே மலேசியா மேற்கு ஜெர்மனியிடம் 0–3 எனத் தோற்றது. அமெரிக்காவை 3–0 என வென்றது. மொராக்கோவிடம் 0–6 எனத் தோற்றது. மூன்று ஆட்டங்களில் விட்டவை 9 கோல்கள். இந்த 9 என்னும் எண்ணை மட்டும் காண்பவர் அவ்வணியின் தற்காப்பு வலுவற்றது என்பார். அதே நாட்டு அணி 1971-இல் சியோலுக்குச் சென்று, தென்கொரியாவை அதன் சொந்த மண்ணில் 1–0 என வென்றே மியூனிக்குக்குத் தகுதி பெற்றது என்பதை அவ்வெண் சொல்லாது.

இக்குறை மலேசியாவுக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவின் தலைசிறந்த ஆட்டக்காரர்க்குப் பிரான்சு நாட்டு இதழொன்று 1956 முதல் தங்கப் பந்து விருது வழங்கி வருகிறது. பின்னர் அவ்விருது உலக ஆட்டக்காரர் அனைவர்க்கும் உரியதாயிற்று. இத்தனை ஆண்டுகளில் அதைப் பெற்ற கோல் காவலர் ஒருவரே. 1963-இல் பெற்ற சோவியத்து நாட்டு லெவ் யாஷின் அவர். 2019-இல் கோல் காவலர்க்கென அவர் பெயராலேயே தனி விருது ஏற்படுத்தினர். ஒரே வரிசையில் நிறுத்தினால் கோல் காவலர் பின்தள்ளப்படுவார் என்பதை உலகம் காலந்தாழ்த்தி ஒப்புக்கொண்டது எனலாம்.

அங்ஙனமாயின் கோல் காவலரை அளப்பதற்குரிய கோல் எது? தமிழாசிரியர்க்கு அதைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. திருக்குறளில் வலியறிதல் என்னும் அதிகாரம் அரசனுக்கு உரைக்கப்பட்டது. செய்யப் புகும் செயலின் கடுமை, தன் ஆற்றல், பகைவன் ஆற்றல், துணைநிற்போர் ஆற்றல் ஆகிய நான்கையும் சீர்தூக்குமாறு வள்ளுவர் அங்கே அறிவுறுத்துகிறார். போருக்குச் சொன்ன இந்நான்கும் பந்தாட்டத்துக்கும் பொருந்துவனவே.

முதலாவது செயலின் கடுமை. தாக்குதல் ஆட்டக்காரர் பத்து முறை தவறி ஒருமுறை கோல் போட்டாலும் போற்றப்படுவார். கோல் காவலர் பத்து முறை தடுத்து ஒருமுறை தவறினால் பழிக்கப்படுவார். பிழைக்கு இடமில்லாத பணி அது. ஆகவே இவ்விருவரையும் ஒரே தட்டில் நிறுப்பது முறையாகாது; கோல் காவலரைக் கோல் காவலரோடுதான் முதற்கண் ஒப்பிடல் வேண்டும்.

இரண்டாவது தன் ஆற்றல். ஆறுமுகத்துக்கு வாய்த்த பட்டப்பெயரே இதற்குச் சான்று. மக்கள் இடும் பட்டப்பெயர் பெரும்பாலும் கண்ட செயலிலிருந்து பிறக்கும். எட்டாத மூலைக்குச் செல்லும் பந்தையும் எட்டிய கைகள் என்பது பார்த்தோர் ஒருமித்துக் கூறும் செய்தி. கைகளின் நீளம் பிறவியிலேயே வாய்த்தது. அதைப் பயன்படுத்தும் காலமறிதல் பயிற்சியால் வந்தது.

மூன்றாவது எதிரியின் ஆற்றல். இங்கே 1980 ஏப்ரல் 6-ஆம் நாள் முதன்மை பெறுகிறது. மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறுவதற்கான இறுதி ஆட்டம் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் நடந்தது. எதிரில் நின்றது தென்கொரியா. மலேசியா 2–1 என வென்றது. ஜேம்ஸ் வோங் போட்ட வெற்றிக் கோல் இன்றும் பேசப்படுகிறது. அவ்வெற்றி வெற்றியாக நிலைக்க வேண்டுமாயின் மறுமுனையில் இரண்டாவது கோல் விழாதிருத்தல் வேண்டும் அன்றோ? அதனைப் பேசுவோர் குறைவு. மேலும், சோவியத்துப் படை ஆப்கானிஸ்தானில் புகுந்ததைக் கண்டித்து மலேசியா அவ்வொலிம்பிக்கைப் புறக்கணித்தது. ஒலிம்பிக்கில் ஆடியோர் பட்டியலை மட்டும் புரட்டுபவர் ஆறுமுகத்தின் பெயரை அங்கே காணார். இந்தியக் கோல் காவலர் பீட்டர் தங்கராஜ் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடினார். 1962-இல் ஜகார்த்தாவில் ஆசியத் தங்கம் வென்ற அணியிலும் இருந்தார். தங்கராஜுக்குத் திறந்த ஒலிம்பிக் வாயில் ஆறுமுகத்துக்கு மூடப்பட்டது. அவ்வாயிலை மூடியது அரசியலே. ஆட்டத்தின் குறை அன்று.

நான்காவது துணைநிற்போர் ஆற்றல். மலாக்காவுக்கு இவ்வரலாற்றில் உள்ள பங்கு இங்கேதான் விளங்கும். ஆறுமுகத்துக்கு முன்னே அரணாக நின்ற சோ சின் ஆவுன் 1950-இல் அலோர் காஜாவில் பிறந்தவர். நாட்டுக்காக 195 ஆட்டங்கள் ஆடியவராகக் கணக்கிடப்படுகிறார்; உலக அளவில் மிக உயர்ந்த எண்ணிக்கைகளுள் அது ஒன்று. அவரோடு சந்தோக் சிங்கும் தற்காப்பில் நின்றார். இத்தகையோர் முன்னிற்கக் கோல் காவலர் வேலை எளிதாகும் என்பது உண்மை. ஆறுமுகத்தைப் போற்றுவோர் இதனை மறைத்தல் கூடாது. ஆயினும் பின்னே நிற்பவர் மீது நம்பிக்கை இருந்தாலன்றித் தற்காப்பாளர் முன்னேறித் துணிந்து ஆட இயலாது என்பதும் உண்மையே. அலோர் காஜாச் சீனரும், சீக்கியரும், தமிழரும் ஒருவர்க்கொருவர் துணைவலியாயினர். அதைத் தனித்தனியே பிரித்து எடையிட எந்தத் தராசும் இல்லை.

இந்நான்கையும் சீர்தூக்கின் ஒரு முடிவு புலப்படும். மலேசியக் கோல் காவலர் வரிசையில் ஆறுமுகத்துக்கு முதலிடம் தருதல் தகும். நாட்டின் எக்காலத்துக்கும் சிறந்த பதினொருவரைத் தெரிந்தெடுத்தால் அவர் பெயர் அதில் இடம்பெறும். யாஷினுக்கு நிகரானவர் என்று கூறினால் மட்டும் அது மிகைக் கூற்றாகும். உலகக் கிண்ணம் போன்ற களத்தில் அவர் சோதிக்கப்படவில்லை. சோதிக்கப்படாததைக் குறையாக எழுதுவது பிழை. நிறையாக எழுதுவதும் பிழை. மொக்தாரின் கீழா மேலா என்னும் வினாவோ பொருளற்றது. உழுபவனையும் வேலி காப்பவனையும் நெல்லின் அளவால் மட்டும் ஒப்பிடுவார் இலர்.

எஞ்சி நிற்பது சான்று பற்றிய கவலை. 1980 அணியின் நினைவைத் தழுவி 2016-இல் 'ஓலா போலா' என்னும் திரைப்படம் வெளிவந்தது. அதில் கோல் காவலர் முத்து என்னும் தமிழ் இளைஞராகக் காட்டப்படுகிறார். இளையோர் பலர் அவ்வணியை அறிந்தது அப்படத்தின் வழியே. அது நல்லதே, எனினும் பெயர் மாற்றிப் புனைந்த கதை வரலாற்றுக்கு ஈடாகாது. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019-இல் நின்றுபோயிற்று. அத்தகைய இதழ்களின் பழைய தாள்களே ஆட்டச் செய்திகளுக்குக் கருவூலம். நாட்டு அணிக்காவது இதழ்ச் செய்தி உண்டு. தோட்டத் திடலில் ஆடியவர்க்கு அதுவும் அரிது.

மலாக்காத் தோட்டங்களிலும் இரு மரக்கம்பங்களுக்கு நடுவே நின்று, வெறுங்கையால் ஈரப் பந்தைப் பிடித்த காவலர் பலர் இருந்தனர். அவர்கள் போட்ட கோல் இல்லை. தடுத்ததை எழுதியோரும் இல்லை. அவர்களுள் இன்று முதுமையுற்றோர் தாமான்களில் பேரக்குழந்தைகளோடு வாழ்கின்றனர். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் மாணவரிடம், 'உன் தாத்தா எந்தத் தோட்டத்துக்கு ஆடினார், எந்த இடத்தில் நின்றார், உடன் ஆடியோர் யார்?' என்று கேட்டெழுதப் பணித்தால், அது ஒரு கட்டுரைப் பயிற்சியாகவும் அமையும். ஓர் ஊரின் ஏடாகவும் அமையும். சான்றுகள் சேர்ந்த பின்னரே தரவரிசை நேர்மையுடையதாகும். அதுவரை, கோல் போட்டவர் பெயர் மட்டுமே பட்டியலில் நிற்கும். காத்தவர் பெயர் கேட்டோர் நினைவோடு மறையும்.